ஒன்று பெரிதா, இரண்டு பெரிதா

"வடிவு, உள்ள போ. புள்ள கெளம்புது."

அலமேலு இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, துணிய எடு என்கிற குரலில்தான் சொன்னாள். மலாக்காவில் காஜா பேராங் சாலையில் இருந்த அந்தக் கடைவீட்டில் இரண்டு வருடமாக ஓதப்பட்டு வந்த மந்திரம் அது. வீட்டுக்காரர் நடராஜ பிள்ளை ஆபீசுக்குக் கிளம்பினாலும், அலமேலு காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினாலும், பூனை எலி பிடிக்கக் கிளம்பினாலும் வடிவாம்பாள் உள்ளே போய்விட வேண்டும். கிளம்புகிறவர் கண்ணில் தாலி அறுத்தவள் முகம் பட்டால் போகிற காரியம் விளங்காது என்பது சாஸ்திரம். எந்த சாஸ்திரம் என்று கேட்டால் அலமேலுவுக்குத் தெரியாது. ஆனால் சாஸ்திரத்துக்கு அலமேலுவை நன்றாகத் தெரியும்.

அன்று கிளம்பியது வடிவு பெற்ற மகள். ஆறு வயதுக் குமுதவல்லி முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள். விடியுமுன்பே எழுப்பிக் குளிப்பாட்டி, ஒரு பாட்டில் எண்ணெயைத் தலையில் கவிழ்த்து, மூன்று சீப்பு உடையுமளவு வாரிப் பின்னியது வடிவுதான். பின்னல் முடிந்ததோடு அவள் வேலையும் முடிந்தது. பொட்டு வைத்து, கையைப் பிடித்து, முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போவது பெரியம்மா அலமேலுவின் வேலை. வடிவு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, பலகாரச் சம்படத்தைப் பிடித்த கையை மட்டும் வெளியே நீட்டினாள். கையைப் பற்றி சாஸ்திரம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா வரலியா பெரியம்மா?"

"திரும்பிப் பாக்காத. நேரா நட."

மலாக்காவின் கடைவீடுகள் முன்னால் ஒடுங்கி, நீளத்தில் ரயில் வண்டியோடு போட்டி போடுகிறவை. வாசலில் ஒருவர் தும்மினால் சத்தம் அடுப்படிக்கு வந்து சேர மறுநாள் ஆகும். அந்த நீளத்தின் கடைசியில்தான் வடிவு இருந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கல்யாணப் பெண்ணாக வந்தவள், துறைமுகத்தில் இறங்கியபோது பார்த்த கடலை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கடல் எங்கும் ஓடிப்போகவில்லை. பண்டார் ஹிலிர் பக்கம் போனால் அலை சத்தம் போட்டுக்கொண்டு அங்கேயேதான் கிடந்தது. ரப்பர் விலை தரையில் விழுந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த வருடம், கணவனை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது. கணவனின் அண்ணன் நடராஜ பிள்ளை, தாயையும் பிள்ளையையும் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். இதற்காக ஊரே அவரைப் புகழ்ந்தது. அவரும் ஊரோடு சேர்ந்து புகழ்ந்துகொண்டார்.

வடிவுக்குப் பேச்சுத்துணை ஒரே ஒருத்தி. பக்கத்து வீட்டுப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்தவள். மலாய்க்காரிகளைப்போல் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி வெற்றிலை மெல்லுகிறவள். கோயிலுக்குப் போவாள், சாமி கும்பிடுவாள். ஆனால் பேசுவது மலாய். தமிழ் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் வடிவு கிணற்றடிச் சுவருக்கு இப்பால் நின்று மனத்தில் இருப்பதையெல்லாம் அவளிடம் கொட்டினாள். அவளும் ஒன்று விடாமல் கேட்டுவிட்டு, "கசியான்" என்று பெருமூச்சு விட்டு, சோற்றில் வாசனைக்குப் போடுகிற பாண்டான் இலைக்கட்டு ஒன்றைச் சுவருக்கு மேல் நீட்டுவாள். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரே அறை, மூன்று வகுப்பு, ஒரே வாத்தியார். முதல் வகுப்பு 'அ' என்று கத்தினால் கிளேபாங் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் வலையை நழுவவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. வாத்தியார் பாலசுந்தரம் நல்ல மனிதர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். அதட்டினாலும் அது அவருக்கே கேட்காது. அதைவிடப் பெரிய பேர் அவருக்கு இருந்தது: கைராசிக்காரர். யார் கடை திறந்தாலும் முதலில் காலடி வைக்க அவர் வரவேண்டும். புக்கிட் ரம்பாயிலிருந்துகூட, இவர் விரல் பிடித்து எழுத வைத்தால் பிள்ளை கவர்னராகிவிடும் என்று மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பாவம், அவருக்கு முதல் மனைவி பிரசவத்தில் போனாள்; இரண்டாமவள் காய்ச்சலில் போனாள். "தனி ஆளா எவ்வளவு தாங்குவாரு," என்று தெருப் பெண்கள் உருகி, குழம்பும் கூட்டும் அனுப்பினார்கள். அந்தக் குழம்பில் அவர் இரண்டு சுற்றுப் பெருத்தார்.

மத்தியானம் பள்ளி விட்டதும் குமுது ஓடிவருவாள். வீட்டுக்கு உள்ளே வருகிறவர்களைப் பற்றி சாஸ்திரம் வாய் திறக்காததால், அப்போது அம்மாவைப் பார்க்கலாம். அன்று முதல் அடுப்படியில் இன்னொரு முதல் வகுப்பு நடந்தது. அதற்கு வாத்தியார் குமுது. ஒரே மாணவி வடிவு. அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, மகள் விரலால் எழுத்துப் போட, தாய் அதன் மேல் விரல் ஓட்டினாள். புளியங்கொட்டையைக் கூட்டிக் கழித்தார்கள். நகத்தில் அழுக்கு இருக்கக்கூடாது என்று மகள் தாயின் விரல்களைப் பரிசோதித்து, கரிப்பாத்திரம் தேய்த்த நகங்களைப் பார்த்து, வெளியே போய் நில் என்றாள். "எங்கடி போறது?" என்று சிரித்தாள் வடிவு. கையை மேலே தூக்கு, பக்கத்தில் நீட்டு, குதி என்று தேகப்பயிற்சி நடந்ததில் பருப்பு தீய்ந்தது. ஒருநாள் குமுது அம்மாவை நிறுத்தி வைத்து, சூரியன் உதிக்கிற பக்கம் பார், அது கிழக்கு என்றாள். வடிவு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த அடுப்படிக்கு சூரியன் எந்தப் பக்கமும் உதிப்பதில்லை.

சித்திரப் பாடத்தில் 'எங்கள் வீடு' என்று சிலேட்டில் வரைந்து கொண்டுவந்தாள். வாசலில் பெரியப்பா, தொப்பையோடு. பெரியம்மா, தொங்கட்டானோடு. பூனைக்கும் மீசை இருந்தது. ஓரத்தில் ஒரு கதவு, கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை.

"இது யாருடி?"

"நீதான்மா."

வடிவு அந்த சிலேட்டை வெகு நேரம் துடைக்காமல் வைத்திருந்தாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நல்லொழுக்கம் என்று ஒரு பாடம் வந்தது. அதுதான் வம்பை இழுத்துவந்தது. காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் தாயின் முகத்தைப் பார்த்து வணங்கிவிட்டு வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். சொன்னதோடு விடாமல், தினமும் முதல் மணியில், இன்று தாயை வணங்கிவிட்டு வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார். வகுப்பே எழுந்து நிற்கும். பொய் சொல்லத் தெரிந்ததும் நிற்கும், தெரியாததும் நிற்கும். குமுது மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

உனக்கு அம்மா இல்லையா என்று பக்கத்துப் பெண் கேட்டாளாம்.

"இருக்காங்க. உள்ள இருக்காங்க," என்றாளாம் இவள்.

இதைக் கேட்ட அன்று வடிவு சாப்பிடவில்லை. அவளுக்குச் சேலை வேண்டாம், நகை வேண்டாம். தினமும் காலையில் ஒரு நொடி, தன் பிள்ளை தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பிள்ளை எல்லாரோடும் எழுந்து நிற்க வேண்டும். இதை அலமேலுவிடம் கேட்டும் பார்த்தாள். அலமேலு கல்நெஞ்சுக்காரி அல்ல. அடுத்த வீட்டுக் கோழி செத்தால்கூட அழுகிறவள்.

"எனக்கு மட்டும் ஆசையா வடிவு? நாளைக்கி புள்ளைக்கி ஒண்ணுன்னா, நீதான மாரடிச்சிக்குவ?"

அதைக் கேட்டதும் வடிவு அடுப்படிக்கே திரும்பிவிட்டாள். ஏனென்றால் அவளும் பாதி நம்பினாள். ஒரு காலை மனசு கேட்காமல், கதவிடுக்கு வழியாக மகளை எட்டிப் பார்த்தாள், மகளும் பார்த்துவிட்டாள். அன்று பார்த்து குமுது சாக்கடைப் பாலத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். காஜா பேராங்கில் அந்தப் பாலத்தில் விழாத குழந்தையே கிடையாது. பாலம் கட்டியதே அதற்குத்தான் என்று சொல்லலாம். ஆனாலும் வடிவு அதற்குப் பிறகு கதவிடுக்கில் துணியை வைத்து அடைத்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கும்போது வாத்தியார் வீட்டுக்கு வந்தார். சரிகை வேஷ்டி, நெற்றியில் சந்தனம். மூன்றாம் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். அலமேலு சந்தனக் கும்பாவும் வெற்றிலைத் தட்டுமாகப் பறந்தாள். நடராஜ பிள்ளை நாற்காலியைத் தன் துண்டாலேயே தட்டிக்கொடுத்தார். உங்கள் முகத்தைப் பார்த்தாலே எங்களுக்கு ஒரு குறையும் வராது என்றார். குமுதுவைக் கூப்பிட்டு வாத்தியார் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தாள். வடிவு காப்பியைக் கொண்டுவந்து நடுக்கதவுக்குப் பின்னால் நின்றாள். எப்போதும் போல டம்ளரும் கையும் மட்டும் வெளியே வந்தன.

எழுந்த குமுது சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைய வீட்டுக் கணக்கு: பெரியது எது, சிறியது எது. வாத்தியார் குஷியாகிவிட்டார். வீட்டிலும் பாடமா, கேள் கேள் என்றார்.

"சார், ஒண்ணு பெரிசா, ரெண்டு பெரிசா?"

"ரெண்டுதான்மா."

"எங்கம்மாவுக்குச் செத்துப்போனது ஒருத்தரு. ஒங்களுக்கு ரெண்டு பேரு. அப்ப ஒங்களுக்குத்தான பெரிசு?" சிலேட்டை அவர் மடியில் வைத்தாள். "சரியா சார்?"

இருபது வருடமாக ஊறிய பழக்கம் கையை விடுமா. "கணக்கு சரி," என்று வாத்தியார் வாய் தானாகச் சொன்னது. கை தானாக ஒரு சரி போட்டது. அதற்குப் பிறகுதான் அவர் காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. காப்பி டம்ளருக்குள் தலையே நுழைகிற மட்டும் குனிந்துகொண்டார். நடராஜ பிள்ளை விட்டத்தை ஆராய்ந்தார். அலமேலு பிள்ளையின் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

கதவுக்குப் பின்னால் வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவமானமாக இல்லை. மனம் புளியங்கொட்டைகளை எடுத்து வைத்துக் கூட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரைப் பறிகொடுத்த முகத்தை இந்தப் பிள்ளை வருடம் பூராவும் தினம் காலையில் பார்த்திருக்கிறாள். என்ன கெட்டுப்போனாள்? எழுதுகிறாள், எண்ணுகிறாள், படம் போடுகிறாள், கிழக்கு எது என்று தெரிந்து வைத்திருக்கிறாள். அப்படியானால் ஒருவரைப் பறிகொடுத்த முகம் என்ன செய்துவிடும்? திருப்பித் திருப்பிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது. அவளுக்குள் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போயிற்று. போகிறேன் என்று சொல்லக்கூட இல்லை.

மறுநாள் காலை அலமேலு வழக்கமான குரல் கொடுத்தாள். வடிவு உள்ளே போகவில்லை. அந்த நீண்ட வீட்டின் அடுப்படியிலிருந்து நடந்தாள், நடந்தாள், நாகப்பட்டினத்திலிருந்து வந்த தூரத்தைவிட அதிகமாக நடந்ததுபோல் இருந்தது. முன்வாசலில் வந்து மகள் எதிரே நின்றாள். குமுது பெரியம்மாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கைகூப்பினாள்.

"நானே கொண்டுபோய் விடுறேன்க்கா," என்றாள் வடிவு.

அலமேலு கையிலிருந்த பொட்டுச் சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தெருவில் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேக்கு இந்த சாஸ்திரம் எட்டாததால் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவருக்கு அன்று வியாபாரம் அமோகம். பள்ளிக்கூட முனையில் எதிரே வாத்தியார் வந்துகொண்டிருந்தார். நாள் வைத்துவிட்ட மாப்பிள்ளை. வெயில் இல்லை, தூறலும் இல்லை. அவர் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் சாய்த்துக்கொண்டார்.

"வணக்கம் சார்," என்றாள் குமுது குடையைப் பார்த்து.

"வணக்கம்," என்றது குடை.

பள்ளிக்கூடத்துச் சுவர் இடுப்பளவுதான். வடிவு அதற்கு வெளியே நின்று பார்த்தாள். மணி அடித்தது. தாயை வணங்கிவிட்டு வந்தவர்கள் யார் என்று வாத்தியார் அன்று கேட்கவில்லை. நேராகக் கரும்பலகைக்குத் திரும்பி மாம்பழக் கணக்குப் போடத் தொடங்கினார். குமுது கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு யாரும் கேட்காமலே எழுந்து நின்றாள். எல்லோரும் உட்கார்ந்திருந்த அந்த வகுப்பில் அவள் ஒருத்தி நின்றாள். முதுகுப்பக்கம் எல்லாம் தெரிகிற வாத்தியாருக்கு அன்று அது தெரியவில்லை.

வடிவு வீடு திரும்பியபோது முன்கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் அலமேலுவின் கண் தெரிந்தது.

"பின்பக்கமா வா வடிவு. அவரு ஆபீசுக்குக் கெளம்பணும்."

"கெளம்பட்டும்க்கா. நான் தடுக்கலியே. புள்ள வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

உள்ளே கடிகாரம் பார்க்கிற சத்தமும், செருமலும், குசுகுசுப்பும் கேட்டன. யாரும் தாழை நீக்கவில்லை. வெகு நேரம் கழித்து, வீட்டின் அந்தக் கோடியில் பின்கதவு கிறீச்சிட்டது. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேஷ்டி, பளபளக்கும் சப்பாத்துகளோடு நடராஜ பிள்ளை அடுப்படியைக் கடந்து, தோட்டிகள் மலவாளி எடுக்கிற சந்து வழியாக, மூக்கைப் பொத்திக்கொண்டு துரையின் ஆபீசுக்குப் போனார்.

வடிவு வாசற்படியில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது.