இடைவேளைக்கு ஒரு வயிறு

என் தங்கையின் கணவர் சினிமாவில் பெரிய ஆளானதற்கு அவருடைய திறமை பாதிக் காரணம். மீதிப் பாதி என் வயிறு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை அப்போது மேடையில் தனியாளாக நின்று நகைச்சுவை செய்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரை 'இடைவேளை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வரி சொல்வார். சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. அரங்கம் ஒரு கணம் யோசிக்கும், பிறகு வெடிக்கும். அந்தச் சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வரியை வைப்பார். கொஞ்சம் முந்தினால் வரி சிரிப்பில் மூழ்கிவிடும், பிந்தினால் ஆறிப்போன காபி. ஒருமுறை முன்வரிசைப் பெரியவர் சிரித்த வேகத்தில் அவருடைய பல்செட்டு பறந்துபோய் மேடையில் விழுந்தது. மாப்பிள்ளை அதைத் தூக்கிக் காட்டி, "யாரோடதுன்னு தெரியலை. எல்லாரும் ஒரு தடவை சிரிங்க, கண்டுபிடிச்சிடலாம்" என்றார். அதில் இன்னும் இரண்டு செட்டு வந்து விழுந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தது ஒன்றுதான். பார்க்காததை நான் சொல்வதில்லை.

எனக்குத் தொழில், அமரர் ஊர்தி ஓட்டுவது. பின்னால் அழுகை, முன்னால் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஞாபகம் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளி கூப்பிட்டு, "இன்னொரு தடவை சிரிச்சே, பின்னாடி படுக்க வெச்சிடுவேன்" என்றார். அதிலிருந்து சிரிப்பு வந்தால் கழுத்திலேயே மடக்கி வயிற்றுக்குத் திருப்பி அனுப்பப் பழகிக்கொண்டேன். முகம் கல். வயிறு மட்டும் குலுங்கும், கூடவே தோளும். பின்னாலிருந்து பார்க்கிறவர்கள், "டிரைவரே இப்படி அழறாரே, எவ்வளவு இளகின மனசு!" என்பார்கள். ஒரு வீட்டு அம்மா, தன் கணவரை அப்படியே விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்.

மாப்பிள்ளையின் நிகழ்ச்சி ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. முதல் வரிசையில் கல் முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஏன் சிரிப்பதில்லை என்று அவரும் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இயக்குநர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வேஷம் கொடுத்தார். கதாநாயகன் வேலை பார்க்கும் ஆபீசில் லிஃப்ட் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை பகலில் ஒரு மெத்தைக் கடையில் இருந்தார். வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் படுத்துக் காட்டுவது வேலை. சினிமா என்றதும் முதலாளியிடம் போய், "இனிமே நான் நிமிர்ந்து நிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி அன்று மாலைக்குள் வேறு ஆள் போட்டுவிட்டார். அந்த ஆள் குறட்டையும் விடுவானாம், வியாபாரம் பிரமாதம். ஆக, திரும்பிப் போக வழியில்லை.

"அண்ணா, நீயே கூட்டிட்டுப் போ" என்றாள் தங்கை. "இதுவும் போச்சுன்னா மனுஷன் வீட்டோட இருப்பாரு. நாள் பூரா என்னையே சிரிக்க வைக்கப் பார்ப்பாரு. என் உடம்பு தாங்காது."

என்னிடம் இருந்த வண்டி ஒன்றுதான். அதில் போனோம். ஸ்டுடியோ வாசலில் பெரிய பெரிய கார்களையெல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் காவலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். இந்த வண்டியை மறித்து 'யாரைப் பார்க்கணும்' என்று கேட்க இதுவரை எவருக்கும் தைரியம் வந்ததில்லை.

உள்ளே அட்டையில் செய்த லிஃப்ட். ஆபீஸ் மேனேஜராக நடிப்பவர் கேட்க வேண்டும்: "இத்தனை வருஷமா இங்க இருக்கியே, ஒரு முன்னேற்றமும் இல்லையா?" மாப்பிள்ளை சொல்ல வேண்டும்: "தினமும் மேல போறேன் சார். சாயங்காலம் கீழ இறக்கி விட்டுடறாங்க."

ஆக்‌ஷன் என்றார்கள். மாப்பிள்ளை, "தினமும் மேல போறேன் சார்" என்றார். நின்றார். சவுண்டுக்காரர் மூச்சுக்கூட விடாதீர்கள் என்று முன்பே மிரட்டியிருந்ததால் ஒரு கொசுவுக்கும் சத்தமில்லை. மாப்பிள்ளை நின்றுகொண்டே இருந்தார். அட்டை லிஃப்ட் வேர்த்தது.

"கட்! ஏங்க நிறுத்திட்டீங்க?"

"சிரிப்புக்கு சார்."

"இங்க யாரும் சிரிக்கக் கூடாது. தியேட்டர்ல சிரிப்பாங்க."

"எப்போ சார்?"

"ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் இப்படியே நிக்கணுமா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இரண்டு வரியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள். ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி இருந்தது. மனதுக்குள் எண்ணிவிட்டுச் சொல்லச் சொன்னார்கள். உதடு எண்ணுவது கேமராவில் தெரிந்தது. லைட் பிடித்தவர் ஒருவர் பாவப்பட்டு உண்மையிலேயே சிரித்துக் கொடுத்தார். சவுண்டுக்காரர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். கடைசியில் இயக்குநர், "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு டேக். வரலைன்னா மேக்கப்மேன் பண்ணட்டும்" என்றார். திரும்பிப் பார்த்தால் மேக்கப்மேன் கண்ணாடி முன் உட்கார்ந்து தனக்கே பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வண்டியின் பின்பக்கம் ஏறி, படுக்கிறவர்கள் படுக்கும் இடத்தில் உட்கார்ந்தார். நான் என் இருக்கையில்.

"மச்சான், எதிர்ல சிரிப்பு இல்லைன்னா எனக்கு அடுத்த வரி எங்க வைக்கணும்னே தெரியலை. இருட்டுல மாடிப்படி இறங்கற மாதிரி இருக்கு" என்றார். பிறகு அழுகிற குரலிலேயே ஒத்திகை பார்த்தார்: "தினமும் மேல போறேன் சார்..."

முன்னால் என் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மச்சான், நீங்க ஏன் அழறீங்க? போனது என் வேஷம்தானே?"

"அழலை மாப்ளே. சிரிக்கிறேன்."

"என்னது?"

"எனக்கு அப்படித்தான் வரும். முகத்துக்கு வராது."

அவர் பின்னாலிருந்து தவழ்ந்து முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "இத்தனை வருஷமா முதல் வரிசையில உக்காந்து இதையா பண்ணிட்டு இருந்தீங்க?"

"வேற என்ன பண்ணுவேன்?"

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன் மச்சான்! கல்யாணத்தன்னிக்கு ஒரு ஜோக் சொன்னேனே, நீங்க அசையவே இல்லையே!"

"கோட்டு பட்டன் அறுந்துதே, கவனிக்கலையா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று, "இறக்கி விட்டுடறாங்க" என்றார். என் வயிறு குலுங்கியது. அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது உச்சிக்குப் போய் இறங்கும்போது தலையை ஆட்டினார், தராசு சரியாக நின்றதைப் பார்க்கும் கடைக்காரர் மாதிரி. "அரங்கம் சிரிக்கிற அதே அளவு" என்றார் மெதுவாக. "ஆனா சத்தமில்லை."

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சவுண்டுக்காரர் காதில் மாட்டியதைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயோ கிறீச்னு கேக்குது" என்றார். என் பெல்ட். கழற்றினேன். பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இயக்குநர் என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"தினமும் மேல போறேன் சார்." மாப்பிள்ளை நின்றார். என் வயிறு யோசித்தது, ஏறியது, குலுங்கியது, இறங்கியது. "சாயங்காலம் கீழ இறக்கி விட்டுடறாங்க."

ஒரே டேக். மேக்கப்மேன் பவுடரைத் துடைத்தார்.

அதன் பிறகு அந்தப் படம் முழுக்க நான் பேன்ட்டைப் பிடித்தபடி நின்றேன். கடைசிக் காட்சியில் மேனேஜர் இறந்துபோகிறார். வண்டி தேடினார்கள், வாசலிலேயே நின்றது. ஓட்டுநராகவும் நானே இருந்துகொள்ளலாம் என்றார்கள். கேமரா என் முதுகுக்குப் பின்னால். மாப்பிள்ளை உடலுக்கு அருகில் உட்கார்ந்து, "இன்னிக்கு நான் இல்லாமலேயே மேல போயிட்டீங்களே சார்" என்று உருக்கமாகச் சொன்னார். குலுங்காமல் இருக்க நான் வெகுவாக முயன்றேன். முடியவில்லை. 'கட்' என்ற குரல் கேட்டதும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். இயக்குநர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

படம் வந்தது. ஒரு மதியக் காட்சிக்கு நாங்கள் மூவரும் போனோம். மாப்பிள்ளைக்கு முகத்தில் ரத்தமில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஒரு வயிற்றுக்கு அளந்து தைத்த இடைவேளை. அரங்கத்துக்குச் சிறிதாகிவிட்டால் அடுத்த வரி மூழ்கிப் போகும், பெரிதாகிவிட்டால் எல்லோரும் இருமுவார்கள். படம் ஓட ஆரம்பித்துவிட்டால் மாற்றவும் முடியாது.

லிஃப்ட் வந்தது. "தினமும் மேல போறேன் சார்."

அமைதி. மாப்பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. அந்த இருட்டில் குனிந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரையைப் பாருங்க மாப்ளே."

"பயமா இருக்கு மச்சான். இங்கேயே பாத்துக்கறேன்."

அரங்கம் யோசித்தது. வெடித்தது. ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கத் தொடங்கிய அந்த நேரத்தில், சரியாக, "சாயங்காலம் கீழ இறக்கி விட்டுடறாங்க" என்று விழுந்தது. மறுபடி வெடித்ததில் எனக்கு முன்னால் இருந்தவர் நாற்காலியோடு சாய்ந்து என் மடியில் படுத்துக்கொண்டார். இடைவேளை விடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை என் கையை விடவேயில்லை.

கடைசிக் காட்சியில் என் முதுகு திரை முழுக்க நின்று குலுங்கியபோது தியேட்டரே விசும்பியது. "பாவம், அந்த டிரைவருக்கு இருக்கற பாசம் யாருக்கு வரும்!" என்றார் முன்வரிசை அம்மா. அந்த நேரம் பார்த்து என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி, "நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா உனக்கு?" என்று திட்டினார்கள். அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளைக்கு அதிலிருந்து வேஷங்கள் குவிந்தன. எனக்கும் ஒன்று வந்தது: மகளை வழியனுப்பிவிட்டு அழுகிற அப்பா, முதுகுப்பக்கம் மட்டும். ஒரே ஒரு நிபந்தனை, கேமராவுக்குத் தெரியாதபடி என் எதிரில் மாப்பிள்ளை நிற்க வேண்டும் என்றேன்.

"நிக்கட்டும். ஆனா சத்தம் வரக்கூடாது" என்றார் சவுண்டுக்காரர்.

மாப்பிள்ளை என் எதிரில் வந்து நின்றார். உதட்டை மட்டும் அசைத்து ஒரு வரி சொன்னார். பிறகு சும்மா நின்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.