அடித்தட்டில் இரண்டு ஓட்டைகள்

குடும்பம் சமையலறை கட்டி முன்னுக்கு வந்த கதையை, கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டவென்றே வீட்டின் இளைய மகன் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தான். முதலில் மரத்தூள் பறக்கும் தகரக் கொட்டகையும் அப்பாவின் காய்த்துப்போன கையும் வரும். அடுத்த நொடியே கண்ணாடிக் கடை, முகம் தெரியும் கல்மேடை, கைப்பிடியே இல்லாத அலமாரிகள். நடுவில் கிடந்த இருபது வருஷத்தை வெட்டித் தூக்கிவிட்டார்கள். வெட்டிப் போட்டதில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது என்று அப்போது யார் கண்டார்கள்?

அப்பா அடிப்படையில் தச்சர். அலமாரி அடிக்கப் போன வீடுகளில் பெண்கள் அடுப்படியைப் பற்றியே புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, அடுப்படி வேலை மட்டும்தான் இனி என்று முடிவெடுத்தவர். மூத்த மகள் படித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்தாள். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; வரைகாரி என்பார். இளையவன், அவள் தம்பி, பேச்சில் கெட்டிக்காரன். கல்லையும் பேசியே கரைப்பான். அவன் கடையைப் பார்த்துக்கொண்டான்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடுப்புக்குக் கீழே சிலிண்டர் வைக்கிற அலமாரியைப் பொருத்தி முடித்து, தூசி துடைத்து, எல்லாரும் கிளம்பத் தயாரான பிறகு, அவர் மட்டும் டிரில்லை எடுத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்காருவார். அலமாரியின் அடித்தட்டில், கட்டைவிரல் நுழைகிற அளவில் இரண்டு ஓட்டைகள் போடுவார். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் ஓட்டை மாஸ்டர். அவருக்கும் அது தெரியும். அதில் ஒரு பெருமைகூட உண்டு.

கேஸுக்குக் கனம் அதிகம், கசிந்தால் தரையில்தான் படுக்கும், படுத்தது கீழே இறங்கி வெளியே போக ஒரு வழி வேண்டும் என்பது அவர் கணக்கு. அதைப் படத்திலேயே குறித்துவிடலாமே என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"தரையப் பாத்துதான் ஓட்டை போடணும் வரைகாரி. பேப்பரப் பாத்து இல்ல" என்றார். தரை ஒரு வீட்டில் சரிந்திருக்கும், இன்னொரு வீட்டில் உள்ளே குழிந்திருக்கும். இடத்துக்குப் போனால்தான் தெரியும்.

அவள் மறுபடி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. அவள் படங்கள் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். அதில் இரண்டு ஓட்டையைப் போடச் சொன்னால் அவளுக்கு மனசு வராது.

பிறகு பலகை வெட்டும் மெஷின் வந்தது. அவள் வரைவதை அது அப்படியே வெட்டித் தள்ளியது. தொழில் பிடித்துக்கொண்ட அதே வேளையில் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பதினான்கு மாதம் படுக்கை. அந்தப் பதினான்கு மாதத்தில் நாற்பத்து மூன்று வீடுகளுக்குச் சமையலறை போனது. எல்லாம் பெரிய இடத்து வீடுகள். சிலிண்டர் இருப்பதே தெரியாமல் ஒரு பொய்ப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விரலால் லேசாக அழுத்தினால் டிக் என்று கதவு திறந்து, உள்ளே தானாக விளக்கு எரியும். அந்த டிக் அவளுக்கு உயிர். எத்தனையோ அழுத்துத் தாழ்களை வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

புதுக் கடை திறந்த நாளில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கூட்டம் பலகாரத்தட்டுப் பக்கம் நகர்ந்ததும் அவர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மாதிரிச் சமையலறைக்குப் போனார். அடுப்புக்குக் கீழே அழுத்தினார். டிக். விளக்கு எரிந்தது. குனிந்து, பொய்ப் பலகையை நகர்த்தி, அடித்தட்டை விரலால் தடவினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தடவினார். மகள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"ஓட்டை எங்கம்மா?"

அதை நீங்கதானேப்பா போடுவீங்க என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று குனிந்து தானும் அடித்தட்டைத் தடவினாள். ஒவ்வொரு திருகாணியையும் அவள் வரைந்திருந்தாள். பொருத்தப் போன ஆட்கள் படத்தில் இருந்ததை இம்மி பிசகாமல் செய்திருந்தார்கள். படத்தில் இல்லாததை யார் செய்வார்கள்?

அன்று சாயங்காலமே மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் இப்போதே போன் போட்டு, நாங்கள் ஓட்டை போடாமல் விட்டுவிட்டோம், நாங்கள் வரும்வரை கேஸை மூடி வையுங்கள் என்று சொல்லச் சொன்னார் அப்பா. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாமளே ஊரைக் கூட்டி நம்ம தலையில மண்ண வாரிப் போட்டுக்கணுமாப்பா? இத்தனை மாசத்துல ஒருத்தர் கம்ப்ளெயின்ட் பண்ணல. இலவச சர்வீஸ்னு சொல்லுவோம். ஆள் போவான், ரெண்டு ஓட்டை போடுவான், வந்துருவான். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. படம் அவளுடையது; கெட்ட பெயரும் அவளுக்குத்தான் வரும். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடை உங்களுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பட்டியலைப் பிரித்துக்கொண்டு போன் செய்தாள். நான்காவதாக வந்தது பியானோ டீச்சர். மெதுவாகப் பேசுகிற மனுஷி. ஒரு ஓட்டை, ஒரு ஆணித்தலைகூடக் கண்ணில் படாது டீச்சர் என்று பத்து மாதத்துக்கு முன் அவளே வாக்குக் கொடுத்த வீடு. டீச்சர் குரலில் சந்தோஷம் வழிந்தது. நாளைக்கு விடிகாலை மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறார்களாம், இரண்டு வாரமாம். சர்வீஸை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கேஸை மூடிவிட்டுப் போங்கள் என்பது அவள் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. எதிரே தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

"பரவால்ல டீச்சர். வந்ததும் சொல்லுங்க" என்றாள்.

 அன்று ராத்திரி கேஸை மூடச் சொல்லி டீச்சருக்கு ஒரு செய்தி எழுதினாள், அழித்தாள். பூட்டின வீட்டில் அடுப்பை யார் பற்றவைக்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆட்கள் தினமும் மூன்று நான்கு வீடுகளை முடித்தார்கள். சில இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்தார்கள். அழகான அலமாரியில் ஓட்டையா என்று ஒரு வீட்டில் உள்ளேயே விடவில்லை. தம்பியே நேரில் போய்க் குழைந்து பேசி அதையும் முடித்தான். அப்பா தினமும் காலையில் மிச்சம் எத்தனை என்று மட்டும் கேட்பார். 

பதினைந்தாம் நாள் காலை, ஒன்றுதான் மிச்சம், பூட்டின வீடு, இன்று மத்தியானம் வந்துவிடுவார்கள் என்றாள்.

"சிலிண்டர மூடிட்டுப் போனாங்களா?"

அவள் கையிலிருந்த பட்டியலை மடித்தாள்.

"மூடச் சொன்னியாம்மா?"

சொல்லவில்லை என்று தலையை ஆட்டினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. டிரில்லை எடுத்து மடியில் வைக்கச் சொன்னார்.

வேனில் முன்சீட்டில் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் அவள் டீச்சருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் இருப்பார்கள், நாம் முந்திவிடுவோம் என்றாள். அப்பா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வீட்டுத் தெருவுக்கு முந்தின சிக்னலில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அங்கிருந்தே அந்த வீட்டு மாடியின் வெள்ளைக் கைப்பிடிச்சுவர் தெரிந்தது. வேன் ஓர் அடிகூட நகரவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை மணி அடித்தது.

"இப்பதாம்மா உள்ள வந்தோம்" என்றது அந்த மெதுவான குரல். "நாலு மணி நேரம் முன்னாடியே ஃபிளைட் கெடச்சுது. நானே உன்னக் கூப்பிடணும்னு நெனச்சேன். வீடெல்லாம் ஒரே வாடை. ஏதோ அழுகிக் கெடக்குது போல. எந்தக் கப்போர்டுலன்னு அவர் தேடிட்டிருக்கார்."

"டீச்சர், எதையும் திறக்க வேணாம், உள்ள லைட் எரிஞ்சா பத்திக்கும். சாரை வெளிய கூப்பிடுங்க. நீங்களும் வெளிய வாங்க. அது கேஸ், டீச்சர். தப்பு எங்க மேல. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பதினைந்து நாள் தொண்டையில் கிடந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.  டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் திரும்பி, கணவரைக் கூப்பிட்டார். குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், அவளுக்கு நன்றாகப் பழகின ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

போன் அறுந்தது. மிச்சத்தை அவளும் அப்பாவும் வேனின் ஜன்னல் வழியாகக் கேட்டார்கள்.