அரை இஞ்சு

தெருவில் அவளுக்கு அரை இஞ்சு அக்கா என்றுதான் பெயர். தையல் அரை இஞ்சு கோணினாலும் கண்ணில் தூசு விழுந்த மாதிரி அவளுக்கு உறுத்தும். பிரித்துத் தைத்தால்தான் சோறு இறங்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரைப் பார்த்து முகம் சுளிப்பவள். நல்ல வேளை, என் மூக்கை இன்னும் அளந்து பார்க்கவில்லை என்பார் அவள் கணவர்.

லாரி ஓட்டிய மனுஷன் அவர். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லி எட்டு மாதம். அவள் தைத்துக்கொண்டிருந்த கடைக்கும் ஷட்டர் இறங்கிவிட்டது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மிச்சம் இருந்தது வெளிநாட்டுச் சட்டைக் கம்பெனி ஒன்றுதான். அதிலும் நாற்பது வயது தாண்டினால் விசா கிடையாது. அவளுக்கு நாற்பது முடிய இரண்டே மாதம். தையல் பரீட்சையில் தேறினால்தான் ஏஜென்சி விசாவுக்கு எழுதிப் போடும்.

ஏஜென்சி மாடியில் பன்னிரண்டு மெஷின்கள், பன்னிரண்டு பெண்கள். ஆளுக்குப் பத்துச் சட்டை முன்பக்கம், பத்துப் பாக்கெட். சாக்குக்கட்டியால் போட்டிருக்கும் கோட்டின் மேல் பாக்கெட்டை வைத்துத் தைக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் அவள். கம்பெனியிலிருந்து வந்த மேற்பார்வைக்காரர் அளவு வரைந்த கண்ணாடிப் பலகையைத் துணிமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றை மட்டும் தனியே எடுத்துப் போட்டார்.

"இந்த மூணும் கோட்டு மேல இல்லையேம்மா."

"கோடே கோணலா இருந்துதுங்க. அழிச்சிட்டு நேரா வெச்சுத் தச்சேன்." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கோணலா போட்டது நான்தான். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"அங்க ஒரு வரிசையில எழுபது பேரு. ஆளுக்கு ஆள் யோசிச்சா எழுபது தினுசுல சட்டை வரும். கோட்டுக்கு ஒருத்தர் இருக்கார், அவர் பார்த்துப்பார். நீங்க தைக்கணும், அவ்வளவுதான்."

பக்கத்து மெஷின்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மெஷின்காரி தைத்த பத்தும் கோட்டின் மேலேயே இருந்தன, தையல்தான் புழு நெளிந்த மாதிரி. அவள் தேறிவிட்டாள்.

அரை இஞ்சு அக்கா எழுந்து நின்று, வயதைச் சொல்லி, இன்னொரு தடவை பார்க்கும்படி கேட்டாள். கை வேகத்தைப் பார்த்திருந்தாரே, மேற்பார்வைக்காரர் மனம் இளகினார். அந்த மூன்றையும் பிரித்து, அழித்த கோட்டை மறுபடி கோணலாகவே போட்டுக் கொடுத்தார். அவள் தைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே கோணலாகத் தைத்தாள். மூன்று பாக்கெட் முடிவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

"சரி," என்றார் அவர். "அங்க போன முதல் மாசம் மறுபடி பரீட்சை வைப்பாங்க. கை பழைய புத்திக்குப் போச்சுன்னா அடுத்த விமானத்துலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

ஐந்து வாரத்தில் விசா வந்தது. கணவர் பாஸ்போர்ட்டை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்று கேட்டார். இடது பாக்கெட் தைப்பது, இரண்டு வருஷத்துக்கு அதுதான் என்றாள்.

"வலது பக்கத்துக்கு?"

"சட்டைக்கு ஒரு பாக்கெட்தாங்க."

"அப்ப கம்பெனியே உன் கையிலதான் இருக்குன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள்.

புறப்பட இன்னும் நான்கு நாள். கோணல் கோட்டில் தைத்துப் பழக, பழைய துணிகளை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டு மெஷினில் உட்கார்ந்தாள். தானே கோடு போட்டால் அது நேராகத்தான் விழுகிறது. பிறகு என்ன பழக்கம்? மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கணவரைக் கூப்பிட்டு, ஸ்கேலையும் சாக்குக்கட்டியையும் கொடுத்து, கோடு போடச் சொன்னாள். இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. துணிமேல் கவிழ்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக இழுத்தார்.

ஒன்றுகூட நேராக இல்லை. போன மாதம் மளிகைச் சீட்டில் அவர் எழுதியதுகூட இவ்வளவு சாயவில்லை. டாக்டர் சொன்ன கணக்கைவிட வேகமாகத்தான் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. கணவர் அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் கை தானாக அழிக்கும் துணியைத் தேடிப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாக்கெட்டைக் கோட்டின் மேல் வைத்து, அது போன வழியே ஊசியை ஓட்டினாள்.

அவர் விரலால் தையலைத் தடவிப் பார்த்தார்.

"நேரா வந்திருக்கா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க போட்ட கோட்டு மேலதாங்க தச்சிருக்கேன்," என்றாள். "அடுத்ததுக்குப் போடுங்க."