தொங்குபிடியின் உயரம்

1

இந்தக் கதை எனக்குச் சலவை அறையில் கிடைத்தது. டொரொண்டோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் தளம், 1998 பெப்ரவரி. ஒன்பதாம் மாடி யோகமலர், துணி காயும்வரை, தான் ஜப்பானில் ஒரு மின்சார ரயிலுக்குப் படம் வரைந்ததைச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிப் போடாதையுங்கோ."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலை நெரிசலில் பத்துப் பெட்டிகள் கொண்ட அந்த வெள்ளி ரயில் ஒரு...'

ஒரு என்ன? பாம்பா? விட்டுவிட்டேன்.

2

நடந்தது இதுதான். பேராதனையில் பொறியியல் படித்த யோகமலர் புலமைப்பரிசிலில் ஜப்பான் போனார். படிப்பு முடிந்ததும், 1986இல், ரயில் பெட்டி கட்டும் நிறுவனம் ஒன்றில் தற்காலிகமாகச் சேர்ந்தார். அங்கே ஒரு புறநகர் ரயிலை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். துருப்பிடிக்காத உருக்கு உடல், ஒவ்வொரு பக்கமும் நான்கு கதவு, முப்பது வருட ஆயுள். யோகமலருக்குக் கொடுத்த வேலை, நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிக்கும் தொங்குபிடி.

அவருடைய உயரம் நாலடி பத்து அங்குலம். (கதைக்கு நல்லது என்று நான் நாலடி எட்டு ஆக்கியிருந்தேன். வாசித்துவிட்டு அவரே திருத்தினார்.) வேலைக்குப் போகும் ரயிலில் அவருக்குப் பிடி எட்டாது. முன்னால் நிற்பவரின் முதுகில் சாய்ந்துதான் போவார். ஆகவே பிடிகளை இரண்டு உயரங்களில் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு வரைந்தார். பிரிவுத் தலைவர் மொரிட்டா மறுத்தார். ஒரே உயரம்தான் வழக்கம்.

யோகமலர் மூன்று கிழமை காலை ரயில்களில் போய்வந்து, பிடி எட்டாமல் நிற்பவர்களை எண்ணினார். நூற்றுக்கு இருபத்தாறு பேர். அந்தக் கணக்கு எழுதிய தாளை வாங்கிப் பார்த்த மொரிட்டா, பரீட்சைக்காக மரத்தில் செய்து வைத்திருந்த மாதிரி ரயில் பெட்டிக்குள் ஏறினார். யோகமலரின் உயரம் வரும்வரை முழங்காலை மடித்தார். கையை உயர்த்திப் பார்த்தார். மறுநாள் வரைபடம் அனுமதியோடு வந்தது. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாக அங்கே குத்தும் பெயர் முத்திரை, வேறொருவருடையது. தற்காலிக ஆட்களுக்கு முத்திரை கிடையாது.

"கோபம் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வந்தது. ஆனா ரயில் ஓடத் தொடங்கின அண்டைக்கு ஏறிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கை எட்டிச்சுது."

* இந்த இடத்தில் ரயிலையும் அகதியையும் ஒப்பிட்டு ஒரு நீண்ட பந்தி இருந்தது. யோகமலர் வாசித்தார். "ரயில் ரயில்தானே" என்றார். எடுத்துவிட்டேன்.

3

1990இல் கலியாணமாகி டொரொண்டோ வந்தார். ஆறு வருடம் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். 1996இல், பஸ்களுக்கு உட்பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வரைபடப் பிரதியைக் காட்டினார். இதில் உங்கள் பெயர் இல்லையே என்றார்கள். நீங்கள்தான் வரைந்தீர்கள் என்று ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில் நீங்களே மொழிபெயர்த்துத் தந்தாலும் போதும்.

மொரிட்டாவுக்கு எழுதிக் கேட்டார். ஜப்பானிய மொழியில் பதில் வந்தது.

'தற்காலிகப் பணியாளர் ஒருவர் வடிவமைப்பில் பங்கெடுத்ததாக நிறுவனத்தால் உறுதிப்படுத்த இயலாது. அந்த ரயில் எட்டு வருடச் சேவைக்குப் பின் இந்த வசந்தத்தில் பணிமனைக்கு வந்தது. இருக்கைகளையும் தரையையும் மாற்றினோம். தொங்குபிடிகளை அவை இருந்த உயரத்திலேயே விட்டுவிட்டோம். மொரிட்டா.'

கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"உமக்குத்தானே ஜப்பான் பாஷை தெரியும். 'இயலாது' எண்டதை 'இயலும்' எண்டு அடியும். ஆர் வந்து பாக்கப் போறான்?"

"அந்த மனுசன் எழுதாததை நான் எப்பிடி எழுதுறது?"

"அந்த மனுசன் உம்மட பேரை எழுதினவரோ?"

யோகமலர் குசினி மேசையில் தட்டச்சுப் பொறியை வைத்து உட்கார்ந்தார்.

4

வேலை கிடைத்தது. ஒன்றரை வருடமாக அங்கேதான் இருக்கிறார். இது நிச்சயம். என்ன தட்டச்சு செய்தார் என்பதில்தான் நான் முட்டி நிற்கிறேன்.

சொல்லுக்குச் சொல் அப்படியே மொழிபெயர்த்தார், தொங்குபிடிகளைப் பற்றிய கடைசி வரியே அவருக்கு வேலை வாங்கித் தந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை. ஒரு சொல்லை மட்டும் மாற்றினார் என்று எழுதினேன். அன்றிரவு சாப்பாட்டில் அவர் கணவரோடு பேசவில்லை என்று சேர்த்து, பிறகு வெட்டினேன். கடிதத்தின் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, 'அந்த ரயில்' என்பதிலிருந்து தொடங்கியிருக்கலாம். அது பொய்யா, சுருக்கமா என்று எனக்கு இன்னும்...

யோகமலரிடமே கேட்டேன்.

"சொல்ல மாட்டன்" என்றார். "நீங்கள் எண்டால் என்ன அடிச்சிருப்பீங்கள்?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆகவே உங்களிடம் தருகிறேன். ஆறு வருடமாகப் பெட்டி அடுக்கிய முதுகு உங்களுடையது. நீங்கள் வரைந்த படத்தில் உங்கள் பெயர் இல்லை. இந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். பொறியில் தாளைச் செருகிவிட்டேன். முதல் வாக்கியத்தை நீங்கள் அடியுங்கள்.