சிவப்பு முன்னால், சிவப்பு பின்னால்

ஷாலினி மேரி வாரத்தில் ஐந்து நாள் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். சனியும் ஞாயிறும் லீவு. சனிக்கிழமைகளில் வரதராசன்பேட்டை வீட்டிலிருந்து விடியக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பாள். 2004ஆம் வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, அங்கே போர்டில் வெப் பக்கத்துக்கான நிறங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆறு எழுத்து. முதல் இரண்டு சிவப்பு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். FF என்றால் முழு அளவு, 00 என்றால் ஒன்றுமில்லை. ஆகவே FF0000 என்றால் முழுச் சிவப்பு. எழுதிவிட்டுத் திரும்பியபோது முதல் பெஞ்சிலிருந்த பொன்னுத்தாய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரும்பாவூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள். நாற்பதை நெருங்கும் வயதில் கம்ப்யூட்டர் கற்க வந்தவள். எதையும் சந்தேகம் தீராமல் விடமாட்டாள்.

"மேடம், போன மாசம் விஷுவல் பேசிக்ல சிவப்புக்கு FF கடைசியில வரும்னு எழுதிப் போட்டீங்க. இங்க மொதல்ல வருதே. எது சரிங்க?"

ரெண்டும் சரிதான், விஷுவல் பேசிக்கில் வரிசை தலைகீழ், நீலம் முன்னால் சிவப்பு பின்னால் என்று சொல்ல வாயெடுத்தாள் ஷாலினி. பாதியிலேயே போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் சுரங்கத்தில் அவள் கவனிக்காமல் விட்டுவிட்டு வந்தது அந்த வரிசையைத்தான்.

சுரங்கத்தில் தினமும் காலையில் குழியின் வரைபடத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து கேட்டில் ஒட்டுவார்கள். அன்றைக்கு வெடி வைக்கிற இடம் சிவப்பு. சைரன் ஊதினால் ஓடி ஒதுங்க வேண்டிய இடம் நீலம். லோடு ஏற்றுகிற இடம் பச்சை. மூடிப்போட்ட பழைய குழி ஊதா. இதை வரைகிற புரோகிராமை விஷுவல் பேசிக்கில் எழுதியவள் அவள்தான். ஒன்றரை வருஷமாக ஒரு குறையும் இல்லை. போன வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து, எல்லாச் சுரங்கத்திலும் ஒரே மாதிரி நிறம் இருக்கட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. அவர்கள் வெப்சைட்டுக்குப் பயன்படுத்துகிற அதே ஆறெழுத்துக் குறிகள். நேற்று அவற்றை வரிசை திருப்பாமல் அப்படியே எண்ணாக மாற்றிப் புரோகிராமுக்குள் விட்டுவிட்டாள். கூட வந்த மாதிரிப் படத்தைப் போட்டும் பார்த்தாள். அதில் இருந்தது பச்சையும் ஊதாவும் மட்டும். பச்சைக்கு FF நடுவில் வரும். ஊதாவுக்கு இரண்டு ஓரத்திலும் வரும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அவை மாறாது. சரியாக வந்ததென்று திருப்தியோடு பஸ் ஏறிவிட்டாள்.

அப்படியானால் இன்றைக்குக் கேட்டில் ஒட்டியிருக்கிற படத்தில் வெடி வைக்கிற இடம் நீலம். ஒதுங்குகிற இடம் சிவப்பு.

வெடி நேரம் மதியம் ஒன்றேகால்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு எதிரேயிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். சுரங்க நம்பர் இரண்டு தடவை எங்கேஜ்டு. மூன்றாவது தடவை டைம் ஆபீஸ் கிளார்க் சாமிதுரை எடுத்தார். மேனேஜர் குருநாதன் கூட்டத்தில் இருப்பதாகவும், ஃபோர்மேன் அரங்கநாதன் குழிக்கு இறங்கிவிட்டதாகவும் சொன்னார். படம் எட்டு மணிக்கே ஒட்டியாயிற்றாம். கலர் பளிச்சென்று வந்திருக்கிறதாம்.

அந்த நேரத்தில் ஷாலினிக்குத் தன் வேலை போய்விடும் என்ற நினைப்பு வந்தது. இல்லையென்று அவள் பின்னால் ஒருநாளும் சொன்னதில்லை. "அண்ணே, அந்தப் படத்துல சின்னத் திருத்தம் இருக்கு, எடுத்து வச்சிடுங்க, நான் வந்து வேற போட்டுத் தரேன்" என்று மட்டும் சொன்னாள். சாமிதுரை, சாப்பிட்டுவிட்டு எடுக்கிறேன் மேடம் என்று வைத்துவிட்டார்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டியதும், போனில் சொன்னதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எடுத்து வைக்கச் சொன்னோம். ஏன் என்று சொல்லவில்லை. காலையில் அதைப் பார்த்துவிட்டுக் குழிக்குள் போனவர்கள் எத்தனை பேரோ? பழைய ஆட்கள் படத்தையே பார்க்கமாட்டார்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் இடம் தெரியும் அவர்களுக்கு. புதிதாக யாராவது வந்திருந்தால்? வெடிக்கு முன் அரங்கநாதன் ஒரு சுற்றுப் பார்ப்பார். பாதையில் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்கும். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அவர் பார்த்துக்கொள்வார் என்று அவளும், ஆபீஸ்காரர்கள் படம் சரியாகத்தான் போட்டிருப்பார்கள் என்று அவரும் இருந்துவிட்டால்?

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் அவற்றின் புழுதிக்குள் உருண்டது. கையில் ஜெபமாலை இருந்தது. ஆனால் எத்தனை மணி உருட்டினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி பன்னிரண்டு இருபது ஆனபோது, ஒரு ஊர் விலக்கில் பஸ் நின்றது. டீக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. யோசிக்காமல் இறங்கிவிட்டாள். "இங்க இல்லம்மா உன் ஸ்டாப்பு" என்று கண்டக்டர் கத்தியது காதில் விழுந்தது. பஸ் போய்விட்டது.

இந்தத் தடவையும் சாமிதுரைதான் எடுத்தார்.

"அண்ணே, நான் முன்னாடி சரியா சொல்லல. படத்துல வெடி வைக்கிற எடம் நீலமா வந்திருக்கு. ஒதுங்குற எடம் சிவப்பா வந்திருக்கு. தப்பு என்னோடது. வெடிய நிறுத்தச் சொல்லுங்க. ஆளை எண்ணச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. ரிசீவர் மேஜையில் கிடக்க, செக்யூரிட்டியிடம் வயர்லெஸ் கேட்டு அவர் கத்துவது தூரத்தில் கேட்டது. போட்ட காசு தீர்ந்து லைன் அறுந்தது.

அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஏறியபின் நின்றுகொண்டே வந்தாள். ஒன்றேகால் தாண்டியது. வெடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். இஞ்சின் இரைச்சலில் எதுவும் தெரியவில்லை. சுரங்க விலக்கில் இறங்கி, முக்கால் கிலோமீட்டர் தூரம் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தாள்.

கேட்டில் படம் கிழிக்கப்பட்டிருந்தது. நாலு மூலையில் டேப் மட்டும் ஒட்டியிருந்தது. வெடிக்கவில்லை. மருந்து நிரப்பிய துளைகளைப் பாதுகாத்து ஆட்கள் நிற்க, அரங்கநாதன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனது நாற்பத்தொன்று. காவல் நின்றவர்களையும் சேர்த்து இப்போது எண்ணிக்கையில் வந்தது முப்பத்தொன்பது.

குறைந்த இரண்டு பேர் மீன்சுருட்டிக்காரர்கள். மணிவேல், அவன் பெண்டாட்டி பெரியம்மாள். குழி ஓரத்தில் மரக்கன்று நடும் காண்டிராக்டில் அன்றைக்குத்தான் முதல்நாள் வேலைக்கு வந்திருந்தார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேர் மூன்று பக்கம் தேடப் போனார்கள். ஷாலினி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரைமணி கழித்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியம்மாள் கையில் தூக்குவாளி இருந்தது. அவர்கள் பாதை வழியாகப் போகாமல் கன்று நட்டுக்கொண்டே மேட்டு வழியாக இறங்கியதால் கொடிக்காரன் கண்ணில் படவில்லை. கீழே ஒரு பாறைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். துளைகளிலிருந்து முப்பதடி இருக்கும்.

"படத்துல நீலமா இருந்துச்சு. சைரன் ஊதுனா நீலத்துக்குப் போவணும்னு கேட்டுல சொன்னாங்க. அப்பறம் ஓடுவானேன், இங்கனயே சோத்தத் தின்னுருவோம்னு ஒக்காந்தோம்" என்றாள் பெரியம்மாள். என்ன நடக்கவிருந்தது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. மணிவேலுக்குப் புரிந்துவிட்டது, அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் வழக்கம்போலச் சுற்றிப் பார்த்திருப்பேன் என்று அரங்கநாதன் சொன்னார். பிறகு குழிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாத்திருப்பேன், ஆனா அந்தப் பாறைக்குப் பின்னால எட்டிப் பாத்திருப்பனான்னு சொல்லத் தெரியலம்மா" என்றார்.

இரண்டேமுக்காலுக்கு வெடித்தார்கள். ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்தபோது ஷாலினி மேனேஜர் முன்னால் நின்றிருந்தாள். குருநாதன் கெட்டவரில்லை. ஹெட் ஆபீஸுக்குத் தெரிந்தால் அவளுக்கும் தொல்லை, தனக்கும் தொல்லை என்று நினைத்தார். பிரிண்டரில் இங்க் கோளாறு என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் ஃபைலை மூடிவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

ஷாலினி சம்மதித்திருப்பாள். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதுமென்றிருந்தது. ஆனால் நேற்று அதே புரோகிராமை இன்னொரு சுரங்கத்துக்கும் மெயிலில் அனுப்பியிருந்தாள். அங்கே அடுத்த வெடி திங்கட்கிழமை. இங்க் கோளாறு என்று எழுதினால் அங்கே யாரும் படத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"சார், இங்க் நல்லாத்தான் இருக்கு. நடந்தத நடந்தபடியே எழுதித் தரேன். அதுக்கு முன்னாடி, இதே புரோகிராம் நேத்து போன அந்த இன்னொரு சுரங்க ஆபீஸுக்கு நீங்களே போன் பண்ணிடுங்க. நான் சொன்னா மெதுவா பாப்பாங்க."

குருநாதன் போனை இழுத்தார்.

புரோகிராமைத் திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறெழுத்தை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணாக்கி, சிவப்பு, பச்சை, நீலம் என்று பெயர் வைத்து அந்தந்த இடத்தில் கொடுத்தாள். சிவப்பை முதலில் போட்டுப் பார்த்தாள். நீலத்தைப் போட்டுப் பார்த்தாள். அரங்கநாதனைக் கூப்பிட்டு, இது என்ன கலர் என்று கேட்டாள். சிவப்பு என்றார் அவர். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னார்.

கடிதம் எழுதத்தான் நேரமாயிற்று. முதல் போனில் மழுப்பியதையும் அதில் எழுதினாள். அந்த வரியை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டு, மூன்றாவது தடவை அப்படியே விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு அவளுக்குப் பதவி உயர்வு கிடையாது. ஃபோர்மேன் கையெழுத்து இல்லாமல் இனி எந்தப் படமும் கேட்டுக்குப் போகக்கூடாது. அரங்கநாதன் முதல் படத்தில் கையெழுத்துப் போடக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நிறத்தின் மேலும் விரலை வைத்து, அந்த இடத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவர் விரல் நகர்ந்த இடமெல்லாம் ஷாலினியின் கண்ணும் போயிற்று.