பதினாறு நாள் கழித்து அடுத்த கப்பல்

1926 டிசம்பர், மலாயா. தாப்பா ரோடு ஸ்டேஷனில் வீரம்மா ஏறிய ரயில் ஈப்போவோடு நின்றுபோனது. வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் வெள்ளம் தண்டவாளத்தையே அரித்துக்கொண்டு போய்விட்டதாம். வியாழக்கிழமை பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அதற்கான சீட்டு அவள் மடியில் இருந்தது. மூன்று நாள் ஸ்டேஷன் தரையில் ஈரச்சேலையோடு கிடந்தாள். வியாழக்கிழமையும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஈப்போவிலிருந்த கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வரிசை நின்றது. வரிசை என்று பேருக்குத்தான். அடுத்த கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை என்று யாரோ சொல்ல, இருவர் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் உடைந்த பல்லை ரத்தத்தோடு துப்பிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றான்.

அந்த அடிதடி வீரம்மாவைப் பயமுறுத்தவில்லை. அவள் பயமெல்லாம் அவள் ஓடிவந்த தோட்டத்துக்குப் போகும் தெற்கு ரோட்டின் மேல். அது இன்னும் திறந்துதான் இருந்தது. தோட்டத்துக் கங்காணி உடையப்பன் நினைத்தால் லாரியில் வந்துவிடலாம். அவள் புருஷன் சன்னாசி காய்ச்சலில் செத்து ஒரு மாதம்கூட ஆகாதபோது அவன் இரவில் வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேர் பார்க்கப் பிரம்பால் விளாசினான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதுகுப் புண் இன்னும் ஆறவில்லை.

அவள் முறை வந்தது. கணக்கெழுதும் கிராணி மத்தியாஸ் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"போன கப்பல் போனதுதாம்மா. அடுத்தது பதினாறு நாள் கழிச்சு. வெள்ளத்துல மாட்டுனவங்களுக்கு இதே சீட்டுல தேதி மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. பேரு?"

"வீரம்மாங்க. சன்னாசி பெஞ்சாதி."

அவர் பேனாவை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது.

"பேரென்னய்யா பேரு? இவ நான் ஊர்லேருந்து கூட்டியாந்த ஆளு!"

உடையப்பன் அவளைத் தரையில் தள்ளி விலாவில் உதைத்தான். மேசையிலிருந்த சீட்டைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தான்.

"கப்பலேறிருவியாடி நீ? நட, லாரி நிக்கிது."

கூட்டம் விலகி வழி விட்டது, பெரட்டில் நின்றவர்களைப் போலவே. அதைப் பார்த்ததும் வீரம்மாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மயிரைப் பற்றி அவன் இழுத்துப் போன வழியில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. அவள் கைக்கு ஓர் இரும்பு எடைக்கல் அகப்பட்டது.

முதல் அடி அவன் முழங்காலில். எலும்பு உடையும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மடங்கி விழுந்தான். இரண்டாவது தாடையில். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தான். கையோடு சேர்த்து அடித்தாள். திரும்பவும் ஓங்கினாள்.

பல் போனவன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "போதும்க்கா, விடுங்க லா! செத்துருவான்."

போலீஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டார். பல் போனவன், "வரிசையில தள்ளுமுள்ளுங்க. காலையிலேருந்து இப்பிடித்தான். எனக்கும் பல்லு போச்சு," என்றான். "ஆமா, ஆமா" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. பேச முடியாத உடையப்பனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

மத்தியாஸ் கிழிந்த துண்டுகளைப் பசை தடவி ஒட்டினார். அதில் புதுத் தேதியை எழுதினார்.

"அதுவரைக்கும் எங்க தங்குவே?"

"தெரியாதுங்க."

"இதே ஊர்ல, புந்தோங்குல என் அக்கா கெர்ட்ரூட் வீடு இருக்கு. அங்க போ. அவன் வாய் தெறக்கறதுக்குள்ள நீ கப்பல்ல இருக்கணும்."

புந்தோங்கில் தெருவில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீரம்மா எழுந்து உட்கார்ந்தாள். உடையப்பனுக்கு ஒரு கண் போய்விட்டது, உயிர் இருக்கிறது என்று சேதி வந்தது. அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அன்றைக்குத் தன் கையை யாரும் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தாள். தண்டவாளம் சரியானதும் பினாங்குக்குப் போகும் முதல் ரயிலிலேயே ஏறிவிட்டாள். கப்பல் கரையை விட்டு நகரும்வரை ஆட்கள் ஏறிவரும் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை.