ஞானத்தகப்பன் மூட்டிய தீ

லோய்டாவின் எட்டு மாதப் பெண் குழந்தை மாரிஸ் மூன்று நாளாக வாய்விட்டு அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே! நெஞ்சுக்கூடு உள்வாங்க, கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டாசியோ தினமும் சாயங்காலம் ஒயர் எரிப்பான். ரப்பர் கருகிச் செம்பு அவனுக்கு மிஞ்சும். கரும்புகை மொத்தமும் அவளுடைய தகர வீட்டுக்குள் வரும்.

தோண்டோ சேரியில் பாதிப் பேருக்குப் பிழைப்பே ஊரார் தூக்கிப் போட்ட டிவியும் கம்ப்யூட்டரும்தான். லோய்டா பகலெல்லாம் தள்ளுவண்டியோடு அலைந்து பொறுக்கி வருவாள். கணவன் எர்னிங் வீட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்துச் செம்பை எடுப்பான். அவன் ஒயரைக் கத்தியால் சீவுகிறவன். நேரம் பிடிக்கும், புகை கிடையாது. டாசியோவுக்கு அந்தப் பொறுமை ஏது? அவன்மேல் பஞ்சாயத்தில் சொல்லவும் வழியில்லை. மாரிஸை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றவன் அவன். பிள்ளையின் ஞானத்தகப்பனைப் பஞ்சாயத்துக்கு இழுத்தவளைத் தெருவே காறித் துப்பும். ஞானத்தகப்பனாம், ஞானத்தகப்பன்! கட்டையில் போகிறவன்.

அன்று குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. லோய்டாவுக்குத் தலைக்கேறிவிட்டது. டிவி உடைக்கும் சுத்தியலை இடுப்பில் செருகி, தண்ணீர் வாளியைத் தூக்கிப் போய், எரிகிற தீயில் அப்படியே கொட்டினாள்.

"ஏய், பைத்தியமாடி உனக்கு?" என்று டாசியோ பாய்ந்து வந்தான்.

"உன் ஞானமக செத்துக்கிட்டிருக்காடா, பாவி!"

"என்னையே 'டா' போட்டுப் பேசுறியா?"

அவன் கையிலிருந்த கேபிள் அவள் முதுகில் இறங்கியது. அடுத்தது கழுத்தில். தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. தெரு கூடிவிட்டது. "பொம்பளகிட்டயா உன் வீரம்?" என்று கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாளே தவிர, விலக்க ஒரு நாதியில்லை. அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தபோது லோய்டா சுத்தியலை உருவி அவன் முழங்காலில் போட்டாள். எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. டாசியோ ஈரச் சாம்பலில் உருண்டான்.

மறுபடி ஓங்கினாள்.

"என்னை ஏன்டி அடிக்கிறே? உன் புருஷனைப் போய் அடி! இதுல பாதி அவன் சரக்கு. மூணு மாசமா அவன்தான் கொண்டாந்து போடுறான்!"

"பொய்!"

"கண்ணு இருக்குல்ல? பாரு!"

பார்த்தாள். நேற்று அவளே தள்ளி வந்த கரோக்கே பெட்டியின் மஞ்சள் ஒயர், பாதி கருகிக் கிடந்தது.

வீட்டில் எர்னிங் அட்டையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"சீவினா ஒரு கட்டுக்கு ரெண்டு நாள் ஆகுது, லோய்டா. இவளுக்கு மருந்து வாங்கணும்ல?"

"மருந்துக்கா? மருந்துக்கா புகை போட்டே?"

வயிற்றில் உதைத்தாள். அவன் சரிந்தான், தடுக்கக்கூட இல்லை. தரையில் ஊன்றிய அவன் கைமேல் சுத்தியல் விழுந்தது. இரண்டு விரல் சப்பையாகிவிட்டது.

அவன் அலறியதில் குழந்தை திடுக்கிட்டது. புகை ஓய்ந்திருந்த காற்றை ஒரே இழுப்பாக இழுத்து, வீறிட்டு அழுதது.

லோய்டா சுத்தியலைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாரியெடுத்து வெளியே ஓடினாள்.

"அழுடி தங்கம்," என்றாள். "நிறுத்திடாதே. ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுக்கிட்டே வா."